பெட்டி வைக்க ஒரு இடம் - கிட்டங்கி கதை

வெளிநாட்டுல பேங்க் வேலைன்னு சொன்னதும் ஊர்ல கேக்குற முதல் கேள்வி, "சம்பளம் எவ்வளவு?" கிளம்புறவன் மனசுல ஓடுறதோ, "எங்க தங்குறது?" சிங்கப்பூர்ல வருஷ ஒப்பந்தம்னா வழக்கமா ஒரு மாச வாடகை முன்பணம். அரசு அடுக்குமாடி வீட்டை ஆறு மாசத்துக்குக் குறைஞ்சு வாடகைக்கு விடக்கூடாது. முதல் சம்பளம் வர்றதுக்குள்ள கையிருப்பு கரைஞ்சிடும்.

இதுக்கு நூத்தைம்பது வருஷம் முன்னாடியே நம்மாளுங்க ஒரு வழி வச்சிருந்தாங்க. பேரு கிட்டங்கி.

கிட்டங்கின்னா சரக்கு வைக்கிற கிடங்கு. ஆனா கடல் கடந்து வட்டித் தொழில் செய்யப் போன நாட்டுக்கோட்டை நகரத்தாருக்கு அதுவே ஆபீஸ், அதுவே வீடு. சிங்கப்பூர் மார்க்கெட் ஸ்ட்ரீட்லயும் பினாங்கு ஸ்ட்ரீட்லயும் இருந்த நீளமான கடைவீடுகள்தான் இடம். உள்ளே தரையில வரிசையா மரப்பெட்டிகள், பக்கத்துல குட்டையா எழுத்து மேசை. ஒரு பெட்டி, ஒரு மேசை, ஒரு பாய் - அவ்வளவுதான் ஒரு நிறுவனம்! பகல்ல அங்கேயே கணக்கு, ராத்திரி அங்கேயே படுக்கை. சமையல் பொது. வீட்டை வாடகைக்கு எடுக்கலைங்க, பெட்டி வைக்கிற அளவு இடத்தைத்தான் எடுத்தாங்க.

வசதி இல்லாமலா? இல்லை. செட்டிநாட்டு வீடுகள்ல பர்மா தேக்குத் தூண் நின்ன காலம் அது. காரணம் வேற. போறவர் முதலாளியோட ஏஜெண்டு. மூணு வருஷக் கணக்கு முடிச்சுத் திரும்பிடுவார். குடும்பம் கூட வராது. செலவு முதலாளி கணக்குல ஏறும். அதைவிட முக்கியம், யார் கடனை ஒழுங்கா கட்டுறான், யார் இழுத்தடிக்கிறான்னு பக்கத்துப் பாய்லேயே தெரிஞ்சுடும். ரங்கூன் மொகல் தெருக் கோயில்ல தமிழ் மாசம் 16-ம் தேதி கூடி நடப்பு வட்டியை முடிவு பண்ணுவாங்க. பினாங்குல 1857, சிங்கப்பூர் டேங்க் ரோட்டுல 1859-ன்னு முருகன் கோயில்களும் எழுந்தன. தங்குற இடம், கோயில், கடன் மூணும் ஒரே நம்பிக்கைல நின்னுச்சு.

விலை இல்லாம இல்லை. அரண்மனை மாதிரி வீட்டுல மனைவி தனியா; இங்க பாய்ல புருஷன். எடுபிடிக்குப் பெட்டியடிப் பையன்னு சின்னப் பசங்க. ப. சிங்காரத்தோட 'கடலுக்கு அப்பால்' படிச்சவங்களுக்கு இந்த வட்டிக்கடை உலகம் புதுசில்லை.

இன்னொரு முரணையும் பாருங்க. தனக்குப் பாயளவு இடம் போதும்னு இருந்தவங்க கையில, 1930-களின் பொருளாதார மந்தத்துல பர்மா வயல்கள் வந்து குவிஞ்சது. நெல் விலை விழ, விவசாயி கடனுக்கு நிலத்தையே கொடுத்தான். 13 முக்கிய நெல் மாவட்டங்கள்ல 1930-ல் சுமார் 6 சதவீதமா இருந்த செட்டியார் நிலம், 1938-க்குள்ள சுமார் 25 சதவீதம். இவங்களுக்கு வேண்டியது ரொக்கம், கிடைச்சது மண்ணும் மக்களோட வெறுப்பும். ஜப்பான் படையெடுப்புல 1942-ல் ஓடி வந்தாங்க. 1948-ல் பர்மா நிலங்களைத் தேசியமயமாக்கச் சட்டமே போட்டுச்சு.

மார்க்கெட் ஸ்ட்ரீட் கிட்டங்கிகளும் நகர மறுசீரமைப்புல போயிடுச்சு. அதே தெருவுல இப்ப 280 மீட்டர் உயர கேப்பிட்டாஸ்பிரிங் கோபுரம். அங்கயும் பேங்க்தான் வாடகைக்கு இருக்கு :-)

இப்ப நம்ம வடக்குப்பட்டுக்கு வாங்க. ஒரகடம் ஆலைகளுக்கு வேலைக்கு வர்ற வெளிமாநிலப் பசங்க இந்தப் பக்கத்து ஊர்கள்ல ஒரே ரூம்ல பலபேரா தங்குறாங்க. வீட்டுக்காரர் கேக்குற கேள்வி: "பேச்சிலரா? யார் மூலமா வந்தீங்க?" கிட்டங்கிக்காரங்களும் குடும்பத்தை விட்டு வந்தவங்கதான். ஆனா "யார் மூலமா" என்ற கேள்விக்கு அவங்ககிட்ட ஒரு சமூகமே பதிலா நின்னுச்சு. அந்தக் கதவு மத்தவங்களுக்குத் திறக்கலைங்கிறதும் உண்மைதான். இந்தப் பசங்களுக்கு யார் பதில் சொல்றது? காண்டிராக்டரா, கம்பெனியா, நாமளா?

உங்க வீட்டுப் பரண்ல தாத்தாவோட கணக்குப் பெட்டி இருந்தா, பழைய பேப்பர்காரர்கிட்ட போட்டுடாதீங்க மக்களே. அது ஒரு காலத்துல யாரோ ஒருத்தரோட வீட்டு முகவரி.