படிக்கட்டு யாருடையது?



2021 டிசம்பர் 27. திருவொற்றியூர் அரிவாக்குளத்தில் குடிசை மாற்று வாரியக் கட்டடம் ஒன்று இடிந்து விழுந்தது. 24 வீடுகள். விரிசலைப் பார்த்து எல்லோரும் முன்பே வெளியே வந்துவிட்டதால் உயிர்ச்சேதம் இல்லை. கட்டி முப்பது வருஷம்கூட ஆகாத கட்டடம். நம் சிட்லபாக்கத்தில் அந்த வயதை நெருங்கும் அடுக்ககங்கள் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள்.

அரசு வீடு கட்டித் தருவதற்குச் சட்டங்கள் இங்கே முன்பே வந்துவிட்டன. 1961-இல் வீட்டு வசதி வாரியச் சட்டம். 1970-இல் குடிசை மாற்று வாரியம், அடுத்த வருஷமே அதற்கான சட்டம். அந்த 1971 சட்டம் நல்ல சட்டம்தான். குடிசைப் பகுதி என்று அறிவித்த இடத்தில் குடியிருப்பவரை, உரிய அதிகாரியின் முன் அனுமதி இல்லாமல் காலி செய்ய வைக்க முடியாது. ஆனால் அதன் கவனமெல்லாம் குடிசையை அகற்றுவதிலும் அந்த இடத்தைச் சீராக்குவதிலும்தான். கட்டிய பிறகு தண்ணீர்த் தொட்டியை யார் கழுவுவது, படிக்கட்டை யார் பூசுவது? வீட்டுக்காரர் ‘வாரியத்தின் வேலை’ என்பார்; வாரியம் ‘ஒதுக்கீடு கொடுத்தாயிற்று’ என்னும். நடுவில் மழைநீர் இறங்கிக் கம்பி துருப்பிடிக்கும்.

2021-இல் வாரியத்தின் பெயர் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று மாறியது. பெயரை விட முக்கியம், அதன் பிறகு வந்த ‘நம் குடியிருப்பு நம் பொறுப்பு’ திட்டம். குடியிருப்போர் சங்கம் அமைத்துப் பராமரிப்புத் தொகை வசூலித்தால், அதே அளவு தொகையை அரசும் தரும். மேடவாக்கம் தாண்டிப் பெரும்பாக்கத்தில் இருக்கும் வாரிய வீட்டுக்காரர்களும், மாதச் சந்தாவுக்கு உங்கள் கதவைத் தட்டும் நம் பொருளாளரும் இப்போது ஒரே வேலையைத்தான் செய்கிறார்கள்!

நம்மைப் போன்ற தனியார் அடுக்ககங்களுக்கு 1994-இல் அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம் வந்தது. பழைய கட்டடத்தை இடித்துக் கட்ட வேண்டுமானால் எல்லோரும் சம்மதிக்க வேண்டியிருந்தது. ஒரே ஒருவர் மறுத்தாலும் வேலை நின்றது. அதற்குப் பதிலாக வந்த 2022 சட்டம் 2024 மார்ச்சில் அமலானது. இப்போது மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தால் போதும். மறுக்கும் அந்த ஒருவர் வேறு போக்கிடம் இல்லாத முதியவராக இருந்தால் என்ன செய்வது? அதைப் பொதுக்குழுவில் பேசத்தான் வேண்டும்.

அதற்கு முன், பீரோவில் இருக்கும் கிரயப் பத்திரத்தை எடுத்து உங்கள் பிரிக்கப்படாத மனைப் பங்கு எத்தனை சதுர அடி என்று பாருங்கள். வரும்போது அந்தப் பக்கத்தின் நகலைக் கொண்டுவாருங்கள்.