பத்து வரிகளுக்கு ஓர் உரை

உரை எழுத நான் எடுத்துக்கொண்ட மூலம் பத்தே வரி. 2017 ஏப்ரல் 27 அன்று இரவு, ஃபிலடெல்ஃபியா கலை அருங்காட்சியகத்துப் படிக்கட்டில் மேடை போட்டு வாசித்த என்.எஃப்.எல். டிராஃப்ட் பட்டியலின் தலைப்பகுதி அது. வரிக்கு ஓர் எண், ஓர் அணி, ஓர் ஆட்டக்காரர், அவர் ஆடும் இடம், அவர் கல்லூரி. படித்துப் புரிந்துகொள்ள அகராதி வேண்டாம். ஆனால் ஒவ்வொரு வரிக்குப் பின்னாலும் ஓராண்டு ஒற்றும் கணக்கும் பயமும் பேராசையும் இருக்கின்றன. உரை அவற்றுக்குத்தான்.

முதலில் பாயிரமாகக் கொஞ்சம். அமெரிக்க ஃபுட்பால் கையால் எறிந்தும், இடித்துக்கொண்டு ஓடியும் ஆடும் ஆட்டம். அதன் தொழில்முறை லீக்கான என்.எஃப்.எல்.-இல் அணிகள் 32. கல்லூரியில் ஆடி முடித்த இளைஞர்களை இந்த அணிகள் ஏழு சுற்றில் பங்கிட்டுக்கொள்கின்றன; அதுதான் டிராஃப்ட். முந்தைய பருவத்தில் எல்லாரையும்விட மோசமாகத் தோற்ற அணிக்கு முதல் உரிமை. நம் ஐ.பி.எல். ஏலத்தில் கையில் காசு இருப்பவர் கேட்டு வாங்கலாம். இங்கே காசு செல்லாது, வரிசைதான் காசு. முன்னால் நிற்பவரின் இடம் வேண்டுமென்றால், உங்களுக்கு வரவேண்டிய மற்ற முறைகளைக் கொடுத்து அதை வாங்கவேண்டும். 1990களின் தொடக்கத்தில் டல்லாஸ் கவ்பாய்ஸ் அணி இதற்கு ஒரு விலைப்பட்டியலே போட்டது. முதலிடத்துக்கு 3000 புள்ளி, இரண்டுக்கு 2600, மூன்றுக்கு 2200, பத்துக்கு 1300. பல அணிகள் அதைப் பார்த்தே பேரம் பேசப் பழகின.

சம்பளத்தையும் சொல்லிவிட வேண்டும். 2010-இல் முதலாவதாக எடுக்கப்பட்ட சாம் பிராட்ஃபோர்டுக்கு ஆறாண்டுக்கு 7 கோடியே 80 லட்சம் டாலர் ஒப்பந்தம். அடுத்த ஆண்டு புதுத் தொழிலாளர் ஒப்பந்தம் வந்தது. முதலாவதாக வந்த கேம் நியூட்டனுக்கு நான்காண்டுக்கு 2 கோடியே 20 லட்சம். அன்றிலிருந்து ஒரு நல்ல குவார்ட்டர்பேக்கை, அதாவது பந்து எறிந்து ஆட்டத்தை நடத்துபவரை, முதல் சுற்றில் பிடித்துவிட்டால் நான்காண்டு சல்லிசாக ஆட்டம், மிச்சப் பணத்துக்கு வேறு ஆட்களை வாங்கலாம். அணிகளின் பதற்றத்துக்குப் பாதிக் காரணம் இதுதான்.

இனி மூலம்.

1. கிளீவ்லாந்து பிரவுன்ஸ்: மைல்ஸ் காரெட், டிஃபென்சிவ் எண்ட், டெக்சஸ் ஏ அண்டு எம்.

பந்து எறிபவரைத் துரத்தி வீழ்த்துவது இவர் வேலை. சுமார் 123 கிலோ உடம்பு, 40 கஜத்தை 4.64 விநாடியில் ஓடியது. நின்ற இடத்திலிருந்து 41 அங்குலம் எம்பியது. இப்படி ஓர் ஆள் கிடைத்தால் யோசிக்க ஒன்றுமில்லை என்று தோன்றும். ஆனால் 2016-இல் 16 ஆட்டத்தில் ஒன்றே ஒன்று வென்ற பிரவுன்ஸ், பல ஆண்டுகளாகக் குவார்ட்டர்பேக் கிடைக்காமல் அல்லாடிய அணி. கிளீவ்லாந்துக்குப் பக்கத்து ஊர்ப் பையன் மிட்செல் டிருபிஸ்கி என்ற குவார்ட்டர்பேக்கும் அதே பட்டியலில் இருந்தார். ஆசைக்கு இடம் கொடுக்காமல் காரெட்டை எடுத்தது சரியான முடிவு. 2023-இல் அவர் அந்த ஆண்டின் சிறந்த தடுப்பாட்டக்காரர் விருதையும் வாங்கினார்.

ஆனால் அணியின் கதை என்னவாயிற்று? 2017-இல் 16 ஆட்டத்தில் பதினாறும் தோல்வி. முதல் வரியைச் சரியாக எழுதிய அதே அணி, தன் கையிலிருந்த 12-ஆம் இடத்தை ஹூஸ்டனுக்கு விற்றது. ஹூஸ்டன் அதில் டெஷான் வாட்சன் என்ற குவார்ட்டர்பேக்கை எடுத்துக்கொண்டது. ஒரு சரியான பெயரால் மட்டும் அணி கரையேறிவிடாது என்பதற்கு முதல் வரியே சாட்சி.

2. சிகாகோ பேர்ஸ்: மிட்செல் டிருபிஸ்கி, குவார்ட்டர்பேக், வட கரோலினா.

இந்த ஒரு வரிக்குத் தனிப் புத்தகமே எழுதலாம். சிகாகோவுக்கு முறைப்படி வந்தது மூன்றாம் இடம். இரண்டாம் இடம் சான் ஃபிரான்சிஸ்கோவுடையது. ஒரே ஒரு படி ஏறுவதற்காக சிகாகோ தன் மூன்றாம் இடத்தோடு 67-ஆம் இடத்தையும், 111-ஆம் இடத்தையும், அடுத்த ஆண்டின் மூன்றாம் சுற்று உரிமையையும் தூக்கிக் கொடுத்தது. இத்தனைக்கும் அதற்கு முந்தைய மாதம்தான் மைக் கிளெனன் என்ற குவார்ட்டர்பேக்கை மூன்றாண்டுக்கு 4 கோடியே 50 லட்சம் டாலர் ஒப்பந்தத்தில் அழைத்து வந்திருந்தார்கள்.

சான் ஃபிரான்சிஸ்கோ குவார்ட்டர்பேக் எடுக்கப்போவதில்லை என்பது அடுத்த வரியைப் பார்த்தாலே விளங்கும். அப்படியானால் சிகாகோ யாரிடமிருந்து ஓடியது? மேலாளர் ரையன் பேஸ் தரப்பிலும் நியாயம் உண்டு. வேறொரு அணி வந்து அந்த இரண்டாம் இடத்தை வாங்கிவிட்டால் என்ன செய்வது என்ற பயம். பயம் நியாயமானதுதான். ஆனால் ஒரு பெயரைத் தவிர வேறெதுவும் வேண்டாம் என்று முடிவு கட்டியவனுக்கே அந்தப் பயம் வரும். என் கணக்கில் பிழை அந்த முடிவில்தான் இருக்கிறது.

டிருபிஸ்கி கல்லூரியில் தொடக்க ஆட்டக்காரராக இறங்கியது வெறும் 13 ஆட்டம். அந்த ஓராண்டில் எறிந்தது 30 டச்டவுன் (பந்தை எதிரியின் எல்லைக்கோட்டுக்கு அப்பால் சேர்த்துப் புள்ளி எடுப்பது), எதிரியிடம் பறிகொடுத்தது ஆறே பந்து. ஏட்டில் அழகான கணக்கு. அருகே நின்ற வாட்சன், அந்த ஆண்டு ஜனவரியில் அலபாமாவை 35-31 என்று வீழ்த்தி கிளெம்சனுக்குத் தேசியப் பட்டம் வாங்கிக் கொடுத்தவர், ஆனால் பருவம் முழுக்க 17 பந்தைப் பறிகொடுத்தவர். ஒற்றர்கள் பதினேழைப் பெரிதாகப் பார்த்தார்கள், பதின்மூன்றைச் சிறிதாகப் பார்த்தார்கள். குறைவாக ஆடியவனிடம் குறையும் குறைவாகத்தான் தெரியும். ஒற்று வேலையின் மிகப் பழைய பொறி இது.

கேட் மாஸே, ரிச்சர்ட் தேலர் என்ற இரு ஆய்வாளர்கள் இந்த டிராஃப்ட் கணக்கையே தோண்டிப் பார்த்தவர்கள். ஒரே இடத்தில் ஆடுபவர்களை வரிசைப்படுத்தி, முன்னால் எடுக்கப்பட்டவர் தனக்கு அடுத்து எடுக்கப்பட்டவரைவிட நன்றாக ஆடினாரா என்று சோதித்தார்கள். ஆம் என்று விடை வந்தது 52 சதவீதம். நாணயம் சுண்டினால் 50. அந்த இரண்டு சதவீதத்துக்காக மூன்று உரிமைகளைக் கொடுக்கலாமா? தேலர் சிகாகோ பல்கலைக்கழகப் பேராசிரியர், அதே 2017 அக்டோபரில் பொருளாதாரத்துக்கான நோபல் வாங்கியவர். உள்ளூரிலேயே இருந்த மருந்து.

டிருபிஸ்கி மேல் மட்டும் பழி போடுவது நியாயமில்லை. 2018-இல் அவரை முதன்மைக் குவார்ட்டர்பேக்காக வைத்து ஆடிய சிகாகோ 12 ஆட்டம் வென்று, பட்டத்துக்கான பிளேஆஃப் சுற்றுக்குப் போனது. இரண்டாம் எண்ணுக்குக் கொடுத்த விலைதான் அவர் முதுகில் ஏறி உட்கார்ந்துகொண்டது. ஒரு கொசுறுச் செய்தி: சிகாகோ கொடுத்த அந்த 67-ஆம் இடம் கைமாறி நியூ ஆர்லியன்ஸுக்குப் போனது. அவர்கள் அதில் எடுத்தவர் ஆல்வின் கமாரா, அந்த ஆண்டின் சிறந்த புதுமுகத் தாக்குதல் ஆட்டக்காரர்.

3. சான் ஃபிரான்சிஸ்கோ 49அர்ஸ்: சாலமன் தாமஸ், டிஃபென்சிவ் எண்ட், ஸ்டான்ஃபோர்ட்.

பேரத்தில் வென்றவன் தேர்வில் தோற்ற கதை. மேலாளர் ஜான் லின்ச் தொலைக்காட்சி வர்ணனையிலிருந்து நேரே வந்தவர், அவருக்கு இது முதல் டிராஃப்ட். அவரும் ஸ்டான்ஃபோர்டில் ஆடியவர். நல்ல குணம், நல்ல படிப்பு, நல்ல உழைப்பு என்று தாமஸுக்கு வராத பாராட்டு இல்லை. நான்காண்டில் அவர் எதிரணிக் குவார்ட்டர்பேக்கை வீழ்த்தியது ஆறே முறை. அதே லின்ச் அதே டிராஃப்டில் 146-ஆம் இடத்தில் ஐயோவா கல்லூரியின் ஜார்ஜ் கிட்டிலை எடுத்தார். கிட்டில் இந்த ஆட்டத்தின் தலைசிறந்த டைட் எண்டுகளில் (எதிரியைத் தடுக்கவும் பந்து பிடிக்கவும் செய்பவர்கள்) ஒருவரானார். அதைத் தொலைநோக்கு என்று புகழ வேண்டாம். அவ்வளவு நம்பியிருந்தால் 146 வரை காத்திருப்பார்களா?

4. ஜாக்சன்வில் ஜாக்வார்ஸ்: லெனார்ட் ஃபோர்னெட், ரன்னிங் பேக், எல்.எஸ்.யு.
8. கரோலினா பேந்தர்ஸ்: கிறிஸ்டியன் மெக்காஃப்ரி, ரன்னிங் பேக், ஸ்டான்ஃபோர்ட்.

பழைய உரைகாரர்கள் கொண்டுகூட்டிப் பொருள் சொல்வார்கள். இந்த இரண்டு வரிக்கும் அதுதான் வழி. இருவரும் பந்தை ஏந்தி ஓடுபவர்கள். காயம் பட்டால் டிராஃப்ட் கெட்டுவிடும் என்று கல்லூரியின் கடைசி ஆட்டத்தில் இறங்காமல் ஒதுங்கி, பெரிய சர்ச்சையைக் கிளப்பியதும் இவர்கள் இருவரே. ஓடுபவனுக்கு ஆயுள் குறைவு. ஒவ்வொரு முறை பந்தைத் தொடும்போதும் மூன்று பேர் மேலே விழுவார்கள். தன் உடம்பின் கணக்கு அவர்களுக்குத் தெரிந்திருந்தது. குறை சொன்னவர்கள்மேல் எனக்கு மரியாதை இல்லை.

ஃபோர்னெட் முதல் ஆண்டிலேயே 1,040 கஜம் ஓடினார். ஜாக்சன்வில் லீக்கின் இறுதி ஆட்டமான சூப்பர் பௌலுக்கு ஒரு படி கீழே வரை போய், நியூ இங்கிலாந்திடம் 24-20 என்று தோற்றது. நல்ல தேர்வு என்று ஓராண்டு பேசினார்கள். 2020 ஆகஸ்டில் அவரை அணியே விடுவித்தது. மெக்காஃப்ரி இன்னும் பெரிய ஆட்டக்காரர். 2019-இல் ஓடி ஆயிரம் கஜம், பந்து பிடித்து ஆயிரம் கஜம் என்று எடுத்தார். ஒரே பருவத்தில் அப்படி எடுத்தவர்கள் வரலாற்றில் அவருக்கு முன் இருவர்தான். அந்த ஆண்டு கரோலினா வென்றது ஐந்து ஆட்டம், தோற்றது பதினொன்று. 2022-இல் அவரை சான் ஃபிரான்சிஸ்கோவுக்கு விற்றுவிட்டார்கள். அங்கே போன மறு ஆண்டே அவர் சிறந்த தாக்குதல் ஆட்டக்காரர். ரன்னிங் பேக் என்பது கட்டி முடித்த வீட்டுக்கு வைக்கும் கோபுரம். அஸ்திவாரம் தோண்டும்போதே அதை வாங்கி வைத்தால் வெயிலிலும் மழையிலும் கிடந்து வீணாகும்.

5, 6, 7. டென்னசி: கோரி டேவிஸ். நியூயார்க் ஜெட்ஸ்: ஜமால் ஆடம்ஸ். லாஸ் ஏஞ்சலஸ் சார்ஜர்ஸ்: மைக் வில்லியம்ஸ்.

இவற்றுக்குப் பதவுரையே போதும். டேவிஸ் 5,278 கஜத்துக்குப் பந்து பிடித்துக் கல்லூரி ஆட்டத்தில் சாதனை படைத்தவர். ஆனால் வெஸ்டர்ன் மிச்சிகன் ஆடிய எதிரணிகள் எப்படிப்பட்டவை என்று கேட்க வேண்டிய கேள்வியைச் சாதனை மறைத்துவிட்டது. ஆடம்ஸ் பின்வரிசைத் தடுப்பாட்டக்காரர், துடியானவர். ஜெட்ஸ் அவரை 2020-இல் சியாட்டிலுக்கு விற்று, இரண்டு முதல் சுற்று உரிமைகள் வாங்கியது. எடுத்ததைவிட விற்றதில்தான் லாபம். வில்லியம்ஸ் முதுகுத் தொல்லையோடு தொடங்கி, பின்னால் உருப்படியாக ஆடினார்.

9. சின்சினாட்டி பெங்கால்ஸ்: ஜான் ராஸ், வைட் ரிசீவர், வாஷிங்டன்.

இந்த வரியின் திறவுகோல் அதில் எழுதப்படாத ஓர் எண்: 4.22. அந்த மார்ச்சில் இண்டியானாபொலிஸில் நடந்த கம்பைன் சோதனையில் 40 கஜத்தை அத்தனை விநாடியில் ஓடி, அதற்கு முன் எவரும் ஓடாத வேகத்தைக் காட்டினார் ராஸ். தன் காலணியை மாட்டிக்கொண்டு சாதனையை முறியடித்தால் ஒரு தீவே தருகிறேன் என்று அடிடாஸ் அறிவித்திருந்தது. ராஸ் மாட்டியிருந்தது நைக்கி. தீவு போயிற்று, ஒன்பதாம் இடம் வந்தது.

கம்பைனில் ஓடும்போது எதிரே தடுப்பவன் கிடையாது, கையில் பந்து கிடையாது, நேர்கோட்டைவிட்டு விலக வேண்டியதில்லை. பந்து பிடிப்பதே வைட் ரிசீவரின் வேலை. முதல் பருவத்தில் ராஸ் பிடித்த பந்து பூஜ்யம். ஒரே ஒரு முறை பந்தோடு ஓடினார், 12 கஜம். அதன் முடிவில் பந்தை நழுவவிட்டார். கடிகாரம் தரும் விடை தெளிவாக இருக்கிறது என்பதற்காக, கேட்காத கேள்விக்கும் அது விடை சொல்லிவிட்டதாக எடுத்துக்கொள்கிறார்கள். சின்சினாட்டியின் பிழை அது.

10. கன்சாஸ் சிட்டி சீஃப்ஸ்: பேட்ரிக் மஹோம்ஸ், குவார்ட்டர்பேக், டெக்சஸ் டெக்.

27-ஆம் இடத்திலிருந்து பத்துக்கு ஏறினார்கள். அந்த இடத்தை வைத்திருந்த பஃபலோவுக்குக் கொடுத்தது 27, 91, அடுத்த ஆண்டின் முதல் சுற்று உரிமை. சிகாகோ கொடுத்ததைவிட இது பெரிய விலை. எனவே மேலே ஏறுவதே தவறு என்று இரண்டாம் வரியை வைத்துச் சட்டம் எழுதிவிட முடியாது.

மஹோம்ஸ் மேல் சொல்லப்பட்ட குறைகள் பொய்யல்ல. அவருடைய கடைசிப் பருவத்தில் டெக்சஸ் டெக் வென்றது ஐந்து, தோற்றது ஏழு. பந்தை எறிந்துகொண்டே இருக்கும் ஏர் ரெய்டு முறையில் வளர்ந்தவர்கள் தொழில்முறை ஆட்டத்தில் எடுபடமாட்டார்கள் என்பது அன்றைய பொதுப் பேச்சு. கால் ஊன்றாமல், உடம்பைத் திருப்பிக்கொண்டு எறிவார். ஓக்லஹோமாவோடு ஆடிய ஆட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள்: 734 கஜம் எறிந்தார், அணி 66-59 என்று தோற்றது. ஓர் ஒற்றர் இதில் ஒழுங்கின்மையைக் காண்பார். பயிற்சியாளர் ஆண்டி ரீட் வேறொன்றைக் கண்டார்.

ஆனால் கண்ணைவிட இங்கே முக்கியம் வீடு. முந்தைய பருவத்தில் கன்சாஸ் சிட்டி 12 ஆட்டம் வென்ற அணி. அலெக்ஸ் ஸ்மித் என்ற தேர்ந்த குவார்ட்டர்பேக் ஏற்கெனவே இருந்தார். 2005-இல் முதலாவதாக எடுக்கப்பட்டு, ஆளாவதற்கு முன்னரே களத்தில் தள்ளப்பட்டு அடிபட்டவர் அவர். அவர் பின்னால் மஹோம்ஸை ஓராண்டு உட்காரவைத்தார்கள். 2017 டிசம்பர் 31 அன்று ஒரே ஓர் ஆட்டம் கொடுத்தார்கள். 2018-இல் 50 டச்டவுன் எறிந்து மிக மதிப்புமிக்க ஆட்டக்காரரானார். பிறகு 2020, 2023, 2024 பிப்ரவரிகளில் சூப்பர் பௌல் பட்டங்கள். சிகாகோவோ, தன் பையனை முதல் பருவத்தின் ஐந்தாம் ஆட்டத்திலேயே இறக்கிவிட்டு, பருவம் முடிந்ததும் பயிற்சியாளரை மாற்றியது. இடம் மாறியிருந்தால் மஹோம்ஸும் இப்படியே வந்திருப்பாரா என்று கேட்டால், அடித்துச் சொல்லமாட்டேன்.

தான் பத்தாவதாக எடுக்கப்பட்டதை மஹோம்ஸ் மட்டும் மறக்கவில்லை. 2019 டிசம்பரில் சிகாகோவின் சொந்த மைதானத்தில் 26-3 என்று வென்ற ஆட்டத்தில், டச்டவுன் எறிந்துவிட்டு ஒன்று, இரண்டு என்று பத்து வரை விரல்விட்டு எண்ணிக் காட்டினார்.

மறுநாள் காலையே ஏடுகள் இந்தத் தேர்வுகளுக்கு மதிப்பெண் போட்டுவிட்டன. உண்மையான தேர்வுத்தாள் திருத்தப்படுவது மூன்று பருவம் கழித்துத்தான். முதல் சுற்று ஆட்டக்காரரை ஐந்தாம் ஆண்டுக்கும் வைத்துக்கொள்வதா என்று அணி அப்போது எழுத்தில் சொல்லவேண்டும். இந்தப் பத்துப் பேரில் டிருபிஸ்கி, தாமஸ், ஃபோர்னெட், டேவிஸ், ராஸ் ஆகிய ஐவருக்கும் 2020-இல் வேண்டாம் என்று சொன்னவை, அவர்களைத் தேடி எடுத்த அதே அணிகள்.