சீமை மரமும் குவாரி நிழலும்

1911-இல் தில்லி தலைநகராக அறிவிக்கப்பட்டது. அதனையொட்டிய ஆண்டுகளில், ஆரவல்லித் தொடரின் வறண்ட பாறைமேட்டைப் பசுமையாக்க விரும்பிய ஆங்கில அரசு, அமெரிக்கக் கண்டத்து முள்மரம் ஒன்றை அங்கே பரப்பியது. வடக்கே அதன் பெயர் 'விலாயதி கீக்கர்'. தமிழகத்தில் 'சீமைக் கருவேலம்'. கீக்கர் என்பதும் கருவேலம் என்பதும் ஒரே நாட்டு மரத்தின் பெயர்கள். விலாயதியும் சீமையும் கடல் கடந்த நாட்டைக் குறிப்பவை. இரு மொழிகளும் தனித்தனியே ஒரே வழியில் அந்நியனுக்குப் பெயரிட்டுள்ளன.

மேடு பசுமையானது, ஆனால் அம்மரத்தின் அடியில் நாட்டுச் செடிகள் தழைக்கவில்லை. நிழலெல்லாம் வனமாகிவிடுவதில்லை.

பின்னாளில் வசந்த் விஹார் அருகே, குவாரிகளால் சிதைந்த சுமார் 692 ஏக்கர் நிலத்தைத் தில்லி வளர்ச்சி ஆணையமும் தில்லிப் பல்கலைக்கழகமும் ஆரவல்லி பல்லுயிர்ப் பூங்காவாக மாற்றின. வழிநடத்தியவர் பேராசிரியர் சி. ஆர். பாபு. சீமை மரம் படிப்படியாக விலக, புரசு முதலிய நாட்டு மரங்கள் திரும்பின. ஆழமான குவாரிக் குழிகளோ வெயிலும் வெப்பக்காற்றும் எளிதில் எட்டாத ஈரநிழலாயின. தில்லியின் வறட்சியில் காணவியலாத பெரணிகளும் ஆர்கிட்களும் அங்கே பல்லாண்டுச் செடிகளாக வளர்க்கப்படுகின்றன.

அவையும் அம்மேட்டுக்கு அயலானவையே; எனினும் குழியின் எல்லைக்குள் நிற்கின்றன. ஆகவே வனத்தின் வழக்கு அயலார்மீது அன்று. அண்டைக்கு இடம் விடாமைமீதே.