எண்ணில் நின்றவர்களும் எண்ணப்படாதவர்களும்



விளையாட்டு வரலாறு என்றவுடன் கோப்பைகளும் மாலைகளும் நம் நினைவுக்கு வருகின்றன. இன்றைய பொழிவுக்கு நான் எடுத்துக்கொண்டது அவற்றினும் எளிய ஒன்று: ஒரு விளையாட்டாளரின் வாழ்நாள் ஆட்டக் கணக்கு. எத்தனை ஆட்டம், எத்தனை வெற்றி, எத்தனை நொடி என்னும் எண்களே அக்கணக்கு. யாருடைய கணக்கு எழுதப்பட்டது, யாருடையது எழுதப்படாமல் போயிற்று என்னும் வினா பேராக் மாநிலத் தமிழருக்கு நேரடியாக உரியது. எழுதப்பட்ட கணக்கின் வலிமையை உணர, முதலில் அமெரிக்கத் தொழில்முறைப் பேஸ்பாலின் தொடக்க காலத்துக்குச் சென்று, பின்னர் கோலகங்சாருக்குத் திரும்புவோம்.

ஒரு கேட்சரின் கணக்கு

1871ஆம் ஆண்டு மே மாதம் 4ஆம் நாள், அமெரிக்காவின் போர்ட் வேய்ன் நகரில் முதல் தொழில்முறைப் பேஸ்பால் சங்கத்தின் முதல் ஆட்டம் நடைபெற்றது. முதலாவதாக மட்டை பிடித்தவர் கிளீவ்லாந்து அணியின் ஜேம்ஸ் ஒயிட். ‘டீக்கன் ஒயிட்’ என்று உலகம் அவரை அழைத்தது. இரண்டாம் தளம்வரை ஓடும் அளவுக்கு அவர் பந்தை அடித்தார். அச்சங்கத்தின் ஏட்டில் பதிவான முதல் அடி அதுவே. ஆட்டத்தில் அவருடைய அணி 2–0 எனத் தோற்றது. அந்த அடி மட்டும் நிலைத்துவிட்டது.

ஒயிட் ஒரு கேட்சர். மட்டையாளரின் பின்னே நின்று, எறியப்படும் பந்தைப் பிடிப்பது அவர் பணி. கிரிக்கெட்டில் விக்கெட் காப்பாளர் செய்வதை ஒத்தது அது. அக்காலத்தில் கேட்சர்கள் வெறுங்கையால் பந்தைப் பிடித்தார்கள். முகத்தைக் காக்கும் கம்பிக் கவசம் 1870களின் பிற்பகுதியில்தான் வந்தது. 1890 வரை இருபது பருவங்கள் ஆடிய ஒயிட் அடித்த வெற்றியடிகள் 2,067, அவருடைய சராசரி.312. ஆயிரம் வாய்ப்புக்கு 312 வெற்றியடிகள் என்பது அதன் பொருள். 1877ஆம் ஆண்டில் பாஸ்டன் அணிக்காக ஆடி .387 என்ற சராசரியோடு அவ்வாண்டின் முதல்வரானார்.

இத்தனை பழைய எண்கள் நமக்கு எவ்வாறு கிடைத்தன? ஹென்றி சாட்விக் என்ற செய்தியாளரை இங்கே நினைவுகூர வேண்டும். இங்கிலாந்தில் பிறந்து நியூயார்க்கில் கிரிக்கெட் செய்திகளை எழுதிவந்த அவர், கிரிக்கெட் கணக்கேட்டு முறையைப் பேஸ்பாலுக்கு ஏற்பத் திருத்தினார். ஒவ்வோர் ஆட்டக்காரரின் செயலையும் சிறு கட்டங்களில் அடைத்து நாளிதழில் அச்சிடும் வழக்கம் அவரால் வலுப்பெற்றது. அக்கட்டங்களில் பெரும்பாலும் குடும்பப்பெயர் மட்டுமே இருக்கும். ஒயிட்டின் தம்பி வில்லும் பந்து எறிபவராக அவரோடு ஒரே அணியில் ஆடியதால், ‘ஒயிட்’ என்ற பெயரைக் கண்டவுடன் இன்னார் என்று முடிவு செய்ய இயலாது. பின்வந்த ஆய்வாளர்கள் பழைய நாளிதழ்களைப் புரட்டி, ஒவ்வொரு பெயரையும் உரியவரிடம் சேர்த்தார்கள்.

ஒயிட் 1939ஆம் ஆண்டு ஜூலை மாதம் தம் 91ஆம் வயதில் மறைந்தார். கூப்பர்ஸ்டவுன் நகரில் பேஸ்பால் புகழ்மண்டபம் திறக்கப்பட்டது அதற்கு முந்திய மாதத்தில்தான். அம்மண்டபத்தில் அவருக்கு இடம் கிடைத்தது 2013இல். அவர் ஆடிப் பார்த்தவர் ஒருவரும் அப்போது உயிரோடு இல்லை. 74 ஆண்டுகள் கழித்து அவருக்காகச் சான்று பகர்ந்தவை அந்த எண்களே.

1877: மற்றொரு கணக்கு

ஒயிட் தம் உச்சத்தைத் தொட்ட அதே 1877ஆம் ஆண்டில் பேராக்கிலும் ஒரு கணக்கு தொடங்கியது. அன்றைய ஆங்கில ரெசிடெண்ட் ஹியூ லோ, கோலகங்சாரில் ஒன்பது ரப்பர் கன்றுகளை நட்டார். கன்றுகளின் எண்ணிக்கைகூட நமக்குத் தெரிகிறது, பாருங்கள்! அதன்பின் தோட்டங்கள் பெருகின. தமிழர்கள் கங்காணிகளின் வழியே கப்பலேறி வந்தார்கள். விடியலுக்கு முன் பிரட்டுக்களத்தில் பெயர் அழைக்கப்பட்டது. யார் வந்தார், யார் வரவில்லை, யார் எவ்வளவு பால் கொண்டுவந்தார் என்பதெல்லாம் கிராணியின் பதிவேட்டில் நாள்தோறும் ஏறின. உழைப்பை அளக்கும் எண்கள் தவறாமல் எழுதப்பட்டன.

இதே கோலகங்சாரில்தான் 1943ஆம் ஆண்டு நவம்பரில் மணி ஜெகதீசன் பிறந்தார். நாட்டின் திடல்தட வரலாற்றில் முழுமையாகப் படிக்கத்தக்க கணக்கு உடைய முதல் தலைமுறைத் தமிழருள் அவர் தலையாயவர். 1960 ரோம் ஒலிம்பிக்கில், பதினாறு வயதில், 400 மீட்டர் ஓடினார். 1962இல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டுப் போட்டியில் 200 மீட்டர் தங்கம் வென்றார். 1964இல் டோக்கியோ ஒலிம்பிக்கின் 200 மீட்டர் அரையிறுதியை அடைந்தார். 1966இல் பேங்காக் ஆசிய விளையாட்டுப் போட்டியில் 100 மீட்டர், 200 மீட்டர், 4x100 மீட்டர் அஞ்சல் ஓட்டம் ஆகிய மூன்றிலும் தங்கம் பெற்றார். 1968இல் மெக்சிகோ நகர ஒலிம்பிக்கில் மீண்டும் 200 மீட்டர் அரையிறுதிக்குச் சென்றார். அங்கே அவர் பதித்த நேரம் 20.92 நொடி.

இக்கணக்கில் மறைந்திருக்கும் சில செய்திகளும் உண்டு. ஜகார்த்தாவில் அவர் மலாயாவின் வீரர். டோக்கியோவில் மலேசியாவின் வீரர். இடையில், 1963இல், நாட்டின் பெயரே மாறியிருந்தது. ஒயிட் ஊதியம் பெற்று ஆடியவர். ஜெகதீசனோ மருத்துவம் படித்துக்கொண்டே ஓடியவர். ‘பறக்கும் மருத்துவர்’ என்று அவர் போற்றப்பட்டதன் காரணம் இதுவே. தொழில்முறை ஆட்டக்காரரின் கணக்கு ஆயிரக்கணக்கில் பெருகும். ஊதியமின்றி ஓடியவரின் கணக்கோ சில ஓட்டங்களில் முடிந்துவிடும். ஆதலால் அந்தச் சில எண்களை மேலும் கவனமாகப் படிக்க வேண்டும்.

எண்ணைப் படிக்கும் முறை

20.92 என்பது தனித்து நிற்கும் எண்ணன்று. மெக்சிகோ நகரம் கடல்மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்கே காற்று அடர்த்தி குறைவாதலின் விரைவோட்டக்காரருக்குத் தடை குறையும். செயற்கை ஓடுதளம் ஒலிம்பிக்கில் முதன்முதலாகப் பயன்பட்டதும் அங்கேதான்; அதற்கு முன்னர் ஓடியவர்களின் கால்களுக்குக் கிடைத்தது கரித்தூள் தளம். அன்று அறிவிக்கப்பட்ட நேரங்கள் பத்தில் ஒரு பங்கு நொடி அளவிலேயே இருந்தன. அதே 200 மீட்டரில் தங்கம் வென்ற டாமி ஸ்மித்தின் நேரம் 19.8 என அறிவிக்கப்பட்டது. மின்கருவி காட்டிய நுண்ணளவு 19.83. கைக்கடிகையால் அளந்த நேரத்தை மின்கருவி நேரத்தோடு ஒப்பிட, 200 மீட்டர் வரையிலான ஓட்டங்களுக்கு 0.24 நொடி கூட்டுவது பின்னர் ஏற்பட்ட மரபு. எனவே, ‘21.3’ என்று பழைய ஏட்டில் காணும் ஓர் எண்ணை இன்றைய எண்ணோடு அப்படியே வைத்து எடைபோடுவது முறையாகாது. ஒயிட்டின் கணக்குக்கும் இது பொருந்தும். அவர் ஆடிய காலத்தில் பந்தை எறியும் விதிகள் பலமுறை மாறின.

இவ்வளவையும் கழித்த பின்னரும் அந்த 20.92 வியப்புக்குரியதே. தேசியச் சாதனையாக அது 49 ஆண்டுகள் நின்றது. 2017இல் கைருல் ஹபீஸ் ஜந்தான் அதனை முறியடித்தபோது பதித்த நேரம் 20.90. அந்த வேகத்தில் 0.02 நொடியில் கடக்கும் தொலைவு ஏறத்தாழ 19 சென்டிமீட்டர். ஒரு சாணுக்கும் குறைவு. ஒரு சாண் தொலைவைக் கடக்க ஒரு நாட்டுக்கு ஏறத்தாழ அரை நூற்றாண்டு தேவைப்பட்டது. எண் எழுதப்பட்டிருந்தமையால் மட்டுமே இதனை நாம் அறிகிறோம்.

பேராக்கில் பிறந்த மற்றொருவரையும் இங்கே வைத்துப் பார்க்க வேண்டும். தாப்பாவில் பிறந்த மயில்வாகனம் இராஜாமணி, 1964இல் டோக்கியோவில் 400 மீட்டர் ஓடினார். பெண்களுக்கான 400 மீட்டர் ஒலிம்பிக்கில் இடம்பெற்றதே அவ்வாண்டில்தான். அதற்கு முந்திய தலைமுறையில் அத்தொலைவை விரைந்து கடக்க வல்ல பெண் ஒருத்தி நம் ஊரில் இருந்திருந்தாலும், அவளுக்கு ஒலிம்பிக் கணக்கு என்று ஒன்று இருந்திருக்க வழியில்லை. போட்டியே இல்லாத இடத்தில் எண்ணும் இல்லை. இராஜாமணி 1966இல் பேங்காக்கில் 400 மீட்டர் தங்கம் வென்றார். அவ்வாண்டு முதன்முறையாக வழங்கப்பட்ட தேசிய விளையாட்டு விருதுகளில் சிறந்த வீரர் ஜெகதீசன், சிறந்த வீராங்கனை இராஜாமணி. இருவரும் பேராக்கில் பிறந்த தமிழர்.

எண்ணப்படாதவர்கள்

இனி இப்பொழிவின் உட்பொருளுக்கு வருகிறேன். ஜெகதீசனும் இராஜாமணியும் ஓடிய இடத்தில் கடிகை பிடித்தவர் இருந்தார், எழுதியவர் இருந்தார், அச்சிட்ட நாளிதழ் இருந்தது. தோட்டத் திடல்களிலும் பந்து உருண்டது. தமிழ்ப்பள்ளிகளின் விளையாட்டு நாளில் காலணி இன்றிச் சிறுவர் சிறுமியர் ஓடினர். தோட்டத்துக்குத் தோட்டம் காற்பந்துக் குழுக்கள் மோதின. பால்வெட்டி முடித்து, வாளி கழுவி, மாலையில் திடலுக்கு வந்தவர்கள் அவர்கள். அவர்களுடைய பால் எடை எழுதப்பட்ட அளவுக்கு அவர்களுடைய ஆட்டம் எழுதப்படவில்லை. தோட்ட நிருவாகத்துக்கு ஒன்று வருவாய், மற்றொன்று பொழுதுபோக்கு. எது எண்ணப்படுகிறது என்பதை எண்ணுபவரின் தேவையே முடிவு செய்கிறது.

பின்னர்த் தோட்டங்கள் துண்டாடப்பட்டன. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. பல இடங்களில் வீடமைப்புத் திட்டங்கள் எழுந்தன. சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியது, அத்துண்டாடலிலிருந்து தொழிலாளரைக் காக்கவே. லயங்கள் காலியானபோது மக்கள் நகரங்களுக்குப் பெயர்ந்தார்கள். அவர்களோடு பெயர்ந்தவை, நிழற்படங்களும் சான்றிதழ்களும் நினைவுகளும். 1924இல் தொடங்கிய ‘தமிழ் நேசன்’ நாளிதழும் 2019இல் நின்றுவிட்டது. நம் சாட்விக்காக இருக்கத்தக்க ஏடுகளும் ஒவ்வொன்றாக மறைகின்றன.

வீரன் வீழ்ந்த இடத்தில் கல் நட்டு, பெயரும் செயலும் பொறித்த மரபு நம்முடையது. எண்ணையும் எழுத்தையும் இரு கண்களாகப் போற்றியதும் நம் மரபே. அம்மரபினருக்கு இன்றைய கடமை கடினமானதன்று. ஈப்போ புந்தோங்கிலும் பிற குடியிருப்புகளிலும் வாழும் மூத்தோரிடம் ஐந்து செய்திகளைக் கேட்டு எழுதுவோம்: ஆட்டக்காரரின் பெயர், தந்தை பெயரோடு, தோட்டமும் பள்ளியும், போட்டி நடந்த ஆண்டு, முடிவு, அம்முடிவை அளந்த முறை. ரோமன் எழுத்தில் ஒரே பெயர் நான்கு வகையாக எழுதப்படும் நாட்டில், தமிழெழுத்தில் பெயரைத் திருத்தமாகப் பதிவதே பாதி ஆய்வு. திருமணத்துக்குப் பின் வேறு ஊருக்குச் சென்ற பெண்களின் பெயர்களை முதலில் தேட வேண்டும். அவையே விரைவில் தொலைபவை. நினைவில் மட்டும் உள்ள எண்ணை ‘நினைவு’ என்றும், சான்றிதழில் கண்டதைச் ‘சான்று’ என்றும் பிரித்து எழுதுவோம். மிகைப்படுத்திய ஓர் எண், உண்மையான பத்து எண்களையும் ஐயத்துக்கு உள்ளாக்கும்.

டீக்கன் ஒயிட்டுக்கு உரிய இடம் கிடைக்க 74 ஆண்டுகள் ஆயின. எழுதி வைத்திருந்தமையால் அத்தனை காலம் காத்திருக்க முடிந்தது. எழுதப்படாதவர்களுக்குக் காத்திருப்பு என்பதே இல்லை. அவர்களை அறிந்தவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்கள் இருக்கும்போதே ஏட்டைத் திறப்போம்.