தட்டுக்கு வராத வேர்

ஹைதராபாத் குகட்பள்ளியின் ரைத்து பஜார் என்ற உழவர் சந்தைக்கு வரும் தக்காளி, கத்தரி, காலிஃபிளவரை விளைவிக்கும் ஊர்களில் இப்போது குழித்தட்டு நாற்று வாங்கி நடுவது சகஜம். பக்கத்து ஜீடிமெட்லாவில் தெலங்கானா தோட்டக்கலைத் துறையின் காய்கறி மையமே இந்த நாற்றை வளர்க்கிறது. 98 குழி, தேங்காய் நார்க்கழிவு, குழிக்கு ஒரு விதை, நிழல்வலைக்கு அடியில் இருபத்தைந்து முப்பது நாள். தண்டைப் பிடித்து மெல்ல இழுத்தால் வெள்ளை வேர் பின்னிய நார்க்கட்டி அப்படியே கழன்று வரும். விவசாய அறிவின் வளர்ச்சி என்று இதைச் சொல்கிறார்கள். எனக்கென்னவோ இது விதை விலையின் வரலாறாகத்தான் தெரிகிறது. நெல், கேழ்வரகு, மிளகாய்க்கு நாற்று விட்டுப் பறித்து நடுவது நம் ஊர்களில் காலங்காலமாக உள்ளதுதான். அந்த நாற்றங்காலில் பாதி அழுகினாலும் பெரிய நஷ்டமில்லை. விதை சொந்த விளைச்சலில் எடுத்தது. 1973இல் பெங்களூரின் இந்தோ அமெரிக்கன் ஹைப்ரிட் சீட்ஸ் வீரிய ஒட்டுத் தக்காளியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 1988இன் புதிய விதைக் கொள்கை வெளிநாட்டுக் காய்கறி விதைக்கு வழி திறந்தது. விதை விலை உயர, கிராமுக்கு முந்நூறு விதை வரும் தக்காளியைக் கைநிறைய அள்ளித் தூவிய காலம் அதோடு போயிற்று. விதையை எண்ணி விதைக்கத் தொடங்கியபோதுதான் எண்ணி வைத்த குழிகள் தேவைப்பட்டன.

தொட்டியில் நாற்று வளர்ப்பது வெள்ளைக்காரர் தோட்டங்களில் முன்பே இருந்ததே என்று கேட்கலாம். இருந்தது, ஆனால் எதற்கு? 1860களில் உதகையில் அரசுத் தோட்டக் கண்காணிப்பாளர் மெக்ஐவர் கண்ணாடிக் கூரைக்கு அடியில் தொட்டி வைத்துப் பேணியது தென் அமெரிக்காவிலிருந்து அரும்பாடுபட்டுக் கொண்டுவந்த சிங்கோனாவை. அதுவும் என் பக்கச் சான்றுதான். இதைவிட வலுவான மறுப்பு கேரட். நீலகிரியில் வீரிய ஒட்டு கேரட் விதையும் விலை உயர்ந்ததுதான், ஆனாலும் அதை நேரே பாத்தியில்தான் விதைக்கிறார்கள். விலை எவ்வளவு நெருக்கினாலும் வேர் இடம் கொடுக்க வேண்டும். தக்காளியின் ஆணிவேர் முறிந்தால் பக்கவேர் கிளைத்துச் செடி பிழைத்துக்கொள்ளும். கேரட்டிலோ அந்த ஆணிவேரே சரக்கு. நுனி தட்டின் அடியை முட்டினால் கிழங்கு கவை விட்டுக் கோணும், மண்டியில் கழிவுக்குப் போகும்.

கேரட்டின் உறவான பார்ஸ்னிப்பில் இந்தச் சிக்கல் இன்னும் முற்றியது. அதன் விதை ஓராண்டிலேயே வீரியம் இழக்கும், முளைக்க மூன்று நான்கு வாரம் எடுக்கும். 1869இல் சூயஸ் கால்வாய் திறக்கும்வரை ஐரோப்பாவிலிருந்து ஆப்பிரிக்காவைச் சுற்றி மாதக்கணக்கில் கப்பலில் வந்த விதை எந்த நிலையில் இறங்கியிருக்கும் என்று ஊகிப்பது கடினமல்ல. இப்படிப்பட்ட விதையைத் தட்டில் முளைக்க வைத்துத் தேறியதை மட்டும் நட வேண்டும் என்ற ஆசை நியாயமானதே. ஜப்பானில் சர்க்கரை பீட்டைக் காகிதக் குழாயில் வளர்த்து நடவில்லையா என்றால், நட்டார்கள், வெற்றியும் கண்டார்கள். ஆனால் அந்தக் கிழங்கு போய்ச் சேர்ந்தது சர்க்கரை ஆலைக்கு. துண்டு துண்டாகச் சீவப் போகிற கிழங்கு கோணினால் யார் கேட்கப் போகிறார்கள்?

ஆகவே குகட்பள்ளி மாடித் தோட்டத்தில் பார்ஸ்னிப் முயல்பவர்கள் குழித்தட்டைத் தக்காளிக்கு விட்டுவிடுங்கள். ஒன்றரை அடி ஆழப் பையில், மழை ஓய்ந்த அக்டோபரில், புது விதையை நேரடியாக ஊன்றுங்கள். ஒரு மாதம் ஈரம் காயாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.