பூண்டியிலிருந்து வரும் தண்ணீர்

2019ஆம் ஆண்டுக் கோடையில் வடபழனித் தெருக்களில் லாரித் தண்ணீருக்காக விடியுமுன்னரே குடங்கள் வரிசையில் நின்றன. நகரின் ஏரிகள் வறண்டு, சோலையார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்த காலம் அது. "பூண்டியில் எவ்வளவு இருக்கிறது?" என்று கேட்காதவர் இல்லை. பூண்டி எப்படி வந்தது என்று கேட்டவரோ மிகச் சிலர்.

1939இன் இறுதியில் சென்னை நகரின் மேயரானார் தீரர் சத்தியமூர்த்தி. மக்கள்தொகை பெருகப் பெருக, புழல் ஏரி நகருக்குப் போதாமல் திணறிக்கொண்டிருந்தது. ஐரோப்பாவில் போர் மூண்டுவிட்டது. ராஜாஜியின் அமைச்சரவையும் விலகிவிட, மாகாண ஆட்சி ஆளுநரின் கையில் இருந்தது. போர்க்காலத்தில் அணைக்குப் பணம் கேட்பது எளிதான செயலன்று. எந்த அரசை எதிர்த்து வாழ்நாளெல்லாம் போராடினாரோ, அந்த அரசிடமே நகருக்காக வாதாடி இசைவு பெற்றார் அவர். கொசஸ்தலையாற்றின் குறுக்கே எழவிருந்த அணைக்கு 1940 ஆகஸ்டு 8 அன்று ஆளுநர் ஆர்தர் ஹோப் அடிக்கல் நாட்டினார்.

இரண்டே ஆண்டுகள். 1942ஆம் ஆண்டு 'வெள்ளையனே வெளியேறு' போராட்டத்தில் அதே அரசு அவரைச் சிறைப்படுத்தியது. சிறையில் உடல் நலிந்து, 1943 மார்ச் 28 அன்று சென்னை மருத்துவமனையில் அவர் காலமானார். அணை முடிந்ததோ 1944இல். நீர் நிறைந்த பூண்டியை அவர் காணவேயில்லை. சத்தியமூர்த்தி சாகர் என்னும் பெயர் பின்னர் வந்தது.

இன்று பூண்டியின் கொள்ளளவு 3,231 மில்லியன் கன அடி. இங்கிருந்து கால்வாய்கள் வழியே நீர் மற்ற ஏரிகளுக்குச் செல்கிறது. 1983ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின் பயனாக, 1996 முதல் கண்டலேற்றிலிருந்து கிருஷ்ணா நீரும் இங்கு வந்து சேர்கிறது. ஒப்புக்கொண்ட அளவு வராத ஆண்டுகளே மிகுதி என்பது வேறு கதை.

அணைக்காக இன்னொரு விலையும் கொடுக்கப்பட்டது. பார்வையிழந்த சுந்தரர் ஊன்றுகோல் பெற்றதாகச் சைவர்கள் போற்றும் திருவெண்பாக்கம், நீர்த்தேக்கப் பரப்புக்குள் அடங்கிப்போயிற்று. தலைமுறை தலைமுறையாகத் தாம் வழிபட்ட இடம் நீரில் மூழ்குவதைக் காணும் மனத்தின் வலி எந்தச் சமயத்தாருக்கும் விளங்கும். கோயிலைப் பெயர்த்துப் பூண்டியில் மீண்டும் எழுப்பினர். ஊன்றீசுவரர் இன்று அங்கே, ஏரிக்கரையை அடுத்து இருக்கிறார். ஏரியைப் பார்க்க வரும் நகரத்தாருள் கோயில் வரை நடப்பவர் சிலரே.