முடிவுக்குறியும் பிரிகுறியும்: சீ மொழியின் சரமரபு பற்றிய ஒரு நோக்கு

ஒரு கருவியின் இயல்பை அறிய விழைவோர், அது பிறந்த காலத்தின் தட்டுப்பாடுகளை முதற்கண் அறிதல் வேண்டும். சீ என்னும் கணனி மொழி எழுத்துச் சரங்களைக் கையாளும் முறை இதற்குத் தக்க சான்றாகும்.

1960களின் நடுப்பகுதியில் மாட்டின் றிச்சாட்ஸ் வடிவமைத்த பீ.சீ.பீ.எல். மொழியில் சரத்தின் நீளம் அதன் தொடக்கத்திலேயே குறிக்கப்பட்டது. அவ்வெண்ணுக்கு ஒதுக்கப்பட்ட இடம் 8 அல்லது 9 பிற்றுகளே. ஆதலின் நீண்ட சரங்களுக்கு அங்கு இடமில்லை. பெல் ஆய்வுகூடத்தில் கென் தொம்சன் ஆக்கிய பீ மொழி நீளத்தைக் கைவிட்டு, இறுதியில் ஒரு முடிவுக்குறியை வைத்தது. 1971 முதல் 1973 வரையில் டெனிஸ் றிச்சி உருவாக்கிய சீ மொழியும் அவ்வழியே சென்று, பூச்சியப் பெறுமான எழுத்தை முடிவுக்குறியாக ஏற்றது. அவர்கள் 1970 இல் பெற்ற பீ.டீ.பீ.-11 கணனியின் நினைவகம் 24 கிலோபைற்று மாத்திரமே என்பது ஈண்டு நினைவுகூரத்தக்கது.

யூனிக்ஸ் முறைமையின் பயனர் கோப்பில் ஒவ்வொரு வரியும் முக்காற்புள்ளிகளால் ஏழு புலங்களாகப் பிரிக்கப்பட்டிருந்தது. இத்தகைய வரிகளைப் பகுத்தற்கென 1989 ஆம் ஆண்டு அமெரிக்க நியமம் உள்ளடக்கிய சார்பே ஸ்ட்ர்டொக் ஆகும். அது பிரிகுறியின் மேலேயே பூச்சிய எழுத்தைப் பொறிக்கின்றது. ஒவ்வொரு துண்டும் அந்த இடத்திலேயே தனிச்சரமாகிவிடுவதால், படியெடுக்க வேறிடம் வேண்டுவதில்லை.

எனினும் இச்சிக்கனத்துக்கு விலை உண்டு. மூலச்சரம் சிதைகின்றது. நின்ற இடத்தைச் சார்பு தன்னுள்ளேயே நினைவிற் கொள்வதால், ஒரே வேளையில் இரு சரங்களைப் பகுத்தல் இயலாது. யாவற்றினும் பெரிது, அடுத்தடுத்து வரும் பிரிகுறிகளை அது ஒன்றாகவே கொள்வதாகும். பயனர் கோப்பின் ஐந்தாம் புலமாகிய விளக்கம் வெறுமையாயின், ஆறாம் புலமாகிய இல்லக் கோப்பகம் ஐந்தாவதாக வந்து நிற்கும். பிழைச்செய்தி எதுவும் எழாது. தரவு மட்டும் பொய்யாகிவிடும்.

1993 இல் வெளிவந்த 4.4 பீ.எஸ்.டீ. முறைமையின் ஸ்ட்ர்செப் வெறும் புலங்களையும் பேணியது. 1995 ஆம் ஆண்டுப் பொசிக்ஸ் நியமத்தின் ஸ்ட்ர்டொக்-ஆர், நின்ற இடத்தை நினைவிற் கொள்ளும் பொறுப்பை அழைப்பவரிடம் ஒப்படைத்தது. எனினும் வெறும் புலங்களை அதுவும் விழுங்கியது.

நினைவகத் தட்டுப்பாடு நீங்கிப் பல்லாண்டுகளாயினும், அது விதித்த மரபு நீங்கவில்லை. வெறுமையும் ஒரு செய்தியே என்பதை மறந்த கருவியைக் கையாள்வோர், அம்மறதியின் வரலாற்றையும் அறிந்திருத்தல் கடனாகும்.